சிவப்பு பட்டனை அழுத்தாமலே சோதிப்பது எப்படி?

போன மே மாசம். மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. அதனால புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்துல படகுகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும். பெயின்ட் வாசனை, வெல்டிங் சத்தம், வலை பின்னுறவங்க பேச்சு. என் மாமா படகும் அதுல ஒண்ணு. லீவுக்கு ஊருக்கு வந்திருந்த என்னை வீல் ஹவுஸ்ல உட்கார வெச்சு, மேலே மாட்டியிருந்த வயர்லெஸ் செட்டைக் காட்டினார்.

"டேய், நீ இ.சி.இ. தானே படிக்கிற? ஆபத்துன்னா இது வேலை செய்யுமான்னு பார்த்துச் சொல்லுடா."

நாலு வருஷம் ஃபோரியர் டிரான்ஸ்ஃபார்ம் போட்டவனுக்கு இது ஒரு கேள்வியா? செட்டின் முகப்புல ஒரு சிவப்பு மூடி. மூடியைத் தூக்கினா உள்ளே 'டிஸ்ட்ரஸ்'னு எழுதின பட்டன். லேப்ல நாம என்ன செய்வோம்? இன்புட் கொடுப்போம், அவுட்புட் பார்ப்போம். நானும் மூடியைத் தூக்கி விரலை வெச்சேன். பக்கத்துப் படகு டிரைவர் அண்ணன் அங்கிருந்தே கத்தினார்: "தம்பி, கையை எடு!"

அவர் கத்தினது சரிதான். அந்தப் பட்டனோட அவுட்புட் எல்.இ.டி. எரியறது கிடையாது. சுத்தி இருக்கிற எல்லாக் கப்பல்லயும் அலாரம் அடிக்கும். கடலோரக் காவல்படை தேட ஆரம்பிக்கும். நிஜமா மூழ்கிட்டிருக்கிற ஒருத்தருக்குப் போக வேண்டிய படகு நம்ம பக்கம் திரும்பலாம்.

அப்போ ஒரு சிக்கல் இருக்கு, இல்லையா? உயிர் போற நேரத்துல ஒரே ஒரு தடவை வேலை செய்யணும். ஆனா அதுவரைக்கும் ஒரு தடவைகூட அழுத்திப் பார்க்கக் கூடாது. இப்படி ஒரு சிஸ்டத்தை எப்படி நம்புறது? ஜூனியர்ஸ், இது வைவால கேட்கிற கேள்வியைவிட நல்ல கேள்வி. அதுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல அந்தப் பட்டன் என்ன செய்யுதுன்னு பார்ப்போம். இந்த வசதிக்கு டி.எஸ்.சி. என்று பெயர், டிஜிட்டல் செலக்டிவ் காலிங். வி.எச்.எஃப். செட்டில் இது சேனல் 70-ல், அதாவது 156.525 மெகாஹெர்ட்ஸில் ஓடுது. அந்த சேனல்ல யாரும் பேச முடியாது, டேட்டா மட்டும்தான். பேச்சுக்கு சேனல் 16, 156.8 மெகாஹெர்ட்ஸ். பட்டனை மூணு முதல் அஞ்சு விநாடி (செட்டைப் பொறுத்து) அழுத்திப் பிடிச்சா, உள்ளே இருக்கிற என்கோடர் ஒரு சின்ன செய்தியைத் தயார் பண்ணி 1200 பாட் வேகத்துல அனுப்பும். 1300 ஹெர்ட்ஸ், 2100 ஹெர்ட்ஸ் என்று ரெண்டே டோன். மூணாவது செமஸ்டர்ல அசைன்மென்ட்டுக்குக் காப்பி அடிச்சோமே, அதே எஃப்.எஸ்.கே. தான். மொத்த செய்தியும் ஏறக்குறைய அரை விநாடியில முடிஞ்சிடும். பதில் வரலைன்னா மூணரை முதல் நாலரை நிமிஷத்துக்குள்ள ஏதோ ஒரு நேரத்துல திரும்ப அனுப்பும். ஏன் சரியா நாலு நிமிஷம்னு வைக்கலை? ரெண்டு படகு ஒரே நொடியில அழுத்தியிருந்தா, அடுத்த தடவையும் ஒண்ணுமேல ஒண்ணு மோதக் கூடாது. ஈதர்நெட் பேக்ஆஃப் ஞாபகம் வருதா?

செய்திக்குள்ள இருக்கிறது இவ்வளவுதான்: இது ஆபத்து அழைப்பு என்ற குறியீடு, படகோட ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண், என்ன ஆபத்து (தீ, மூழ்குதல், மோதல், ஆள் கடல்ல விழுந்தது...), இருக்கிற இடம், அந்த இடத்தில் இருந்த நேரம்.

குறியீட்டை ஒரு தடவை கையால எழுதிப் பாருங்க, நல்லா இருக்கும். ஆபத்து அழைப்புக்கு எண் 112. ஏழு பிட்ல எழுதினா 1110000. கடைசி பிட் முதல்ல போகணும், அதனால 0000111. இதுக்குப் பின்னாடி மூணு பிட் சேர்ப்பாங்க. அது மொத்தம் எத்தனை பூஜ்யம் இருக்குன்ற கணக்கு. இங்கே நாலு பூஜ்யம், அதாவது 100. ஆக ஆகாயத்துல போறது 0000111100. வழியில ஒரு பிட் புரண்டாலும் பூஜ்யக் கணக்கு தப்பிடும், ரிசீவர் கண்டுபிடிச்சிடும். அதோட நிக்காம ஒவ்வொரு எழுத்தையும் கொஞ்சம் இடைவெளி விட்டு ரெண்டு தடவை அனுப்பறாங்க. இடி மின்னல்ல ஒண்ணு அடிபட்டாலும் இன்னொண்ணு தப்பிக்கும்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். அதே செட்ல 'டெஸ்ட் கால்' என்று ஒரு மெனு இருக்கும் (ரொம்பப் பழைய செட்டில் இருக்காது). இன்னொரு படகோட எம்.எம்.எஸ்.ஐ. எண்ணைப் போட்டு அனுப்பினா, அந்தப் படகு செட் மட்டும் அடிக்கும். அது 'கிடைச்சது'ன்னு பதில் அனுப்பும். இந்த அழைப்புக்கு 112 கிடையாது. 'ஒருத்தருக்கு மட்டும்' என்பதற்கு 120, 'இது சோதனை' என்பதற்கு 118. எண்கள் மட்டும்தான் வேற. மத்ததெல்லாம் ஒண்ணே: அதே என்கோடர், அதே மாடுலேட்டர், அதே பவர் ஆம்ப்ளிஃபையர், அதே கேபிள், அதே ஆன்டெனா, அதே சேனல் 70. டெஸ்ட் கால் போய் பதில் வந்தா, பிளாக் டயகிராம்ல முக்கால்வாசிப் பெட்டியை டிக் அடிச்சிடலாம்.

மிச்சக் கால்வாசி எது? ஒண்ணு, பட்டன். செட்டை ஆஃப் பண்ணி, பவர் வயரையும் கழட்டிட்டு மூடியைத் தூக்கி அழுத்திப் பாருங்க. உள்ளே போய்த் திரும்ப வருதா, உப்புல இறுகியிருக்கான்னு விரல்லயே தெரியும். ரெண்டு, இருப்பிடம். டெஸ்ட் கால்ல இருப்பிடம் போகாது; அதனால டெஸ்ட் கால் பாஸ் ஆனாலும் ஜி.பி.எஸ். பத்தி ஒண்ணும் சொல்லாது. அதைத் திரையில தனியாப் பார்க்கணும். மூணாவதா ஒண்ணு இருக்கு, அது எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அன்னிக்கு நடந்தது இது. பக்கத்துப் படகு அண்ணன்கிட்ட அவர் படகு எண்ணை வாங்கி, மாமா செட்ல போட்டு டெஸ்ட் கால் அனுப்பினேன். ரெண்டு படகுக்கும் நடுவுல ஒரு டயர் அகலம்தான் இடைவெளி, பவரை 1 வாட்டுக்குக் குறைச்சாலும் போதும். அவர் செட் 'டிங் டிங்'னு அடிச்சது. இந்தப் பக்கம் பதில் வந்துச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். "மாமா, செட் ஓகே!"

மாமா உடனே நம்புற ஆள் கிடையாது. "அங்கே என்ன நம்பர் காட்டுதுன்னு படிக்கச் சொல்லு" என்றார். அண்ணன் படிச்சார். 419-ல ஆரம்பிச்சுது, அது இந்தியாவுக்கான முன் எண், எல்லா இந்தியப் படகுக்கும் பொதுவானது. மிச்ச ஆறு இலக்கத்தை மாமா பிளாஸ்டிக் கவர்ல வெச்சிருந்த காகிதத்தோட ஒப்பிட்டார். கடைசி மூணு இலக்கம் சேரலை.

ரெண்டு தடவை படிச்சோம். சேரலை. மாமா இந்த செட்டை ரெண்டு வருஷம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருந்தார். பழைய படகோட எண் அப்படியே உள்ளே இருக்கு. ரெண்டு வருஷம், ஒவ்வொரு தடவையும் ஆறேழு பேரை ஏத்திக்கிட்டு, வேற யாரோ ஒருத்தர் பேரைச் சொல்லிக் கத்தப்போற செட்டோட இவங்க கடலுக்குப் போய்ட்டு வந்திருக்காங்க. அழுத்தியிருந்தா, கரையில இருக்கிறவங்க அந்த எண்ணைப் பார்த்துட்டு எந்தப் படகோட ஓனருக்கு போன் பண்ணியிருப்பாங்க? அவர் தன் வீட்ல உட்கார்ந்துக்கிட்டு, "என் படகு இங்கேதானே நிக்குது சார்" என்று சொல்லியிருப்பார்.

வீல் ஹவுஸ்ல கொஞ்ச நேரம் யாரும் பேசலை.

அடுத்து இருப்பிடத்தைப் பார்த்தோம். திரையில அட்சரேகை இருக்க வேண்டிய இடத்துல வெறும் கோடுகள். படகுல ஜி.பி.எஸ். இருக்கு, நல்லா ஓடுது, டிரைவர் அதை வெச்சுத்தான் வலை போடற இடத்துக்கே போறார். ஆனா அதுல இருந்து வயர்லெஸ்ஸுக்கு வர்ற ரெண்டு மெல்லிசு வயர் ஜாயின்ட்ல பச்சையாப் பூத்துப் போயிருந்துச்சு. இருப்பிடம் தெரியலைன்னா செட் என்ன அனுப்பும் தெரியுமா? பத்து ஒன்பது: 9999999999. நேரத்துக்கு 8888. இருப்பிடம் இருந்தா எப்படி இருக்கும்? உதாரணமா எங்க கரைக்கு நேர் கிழக்கே வடக்கு 12 பாகை 2 கலை, கிழக்கு 80 பாகை 1 கலை என்று வெச்சுக்குவோம். செய்தி 0120208001. முதல் பூஜ்யம் வடகிழக்குக் கால்வட்டம். அடுத்து 1202. அடுத்து 08001. ஒரு கலை என்பது ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர், கணக்கு கொஞ்சம் முரட்டுத்தனம்தான். அதனாலதான் பட்டனை அழுத்தின பிறகு சேனல் 16-ல் மைக்கைப் பிடிச்சு வாயாலயும் சொல்லணும்னு சொல்றாங்க. முரடா இருந்தாலும் பத்து ஒன்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கையால இருப்பிடத்தை டைப் பண்ணிக்கொடுக்கலாமே என்று கேட்கலாம். கொடுக்கலாம். ஆனா 23 மணி 30 நிமிஷத்துக்கு மேல பழசானா செட் அதை அழிச்சிடும், படகும் அதுக்குள்ள எங்கேயோ போயிருக்கும். ஜி.பி.எஸ். வயர்தான் வழி.

இதெல்லாம் நம்ம ஊர் அலட்சியம்னு நினைச்சுடாதீங்க. 2010-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை வெளியிட்ட எச்சரிக்கை ஒண்ணு சொல்லுது: அவங்களுக்கு வர்ற வி.எச்.எஃப். டி.எஸ்.சி. ஆபத்து அழைப்புகள்ல ஏறக்குறைய 90 சதவீதத்தில் இருப்பிடம் இல்லை, 60 சதவீதத்தில் பதிவு செஞ்ச அடையாளம் இல்லை. காசு கொடுத்து வாங்கின செட், வேலை செய்யற டிரான்ஸ்மிட்டர், உள்ளே காலியான ரெண்டு பெட்டி. பிற்பாடு அங்கே ஒரு நல்ல ஏற்பாடும் வந்துச்சு: 003669999 என்ற எண்ணுக்கு டெஸ்ட் கால் போட்டா கரை நிலையம் தானாகவே பதில் சொல்லும். மீனவர் யாரையும் தொந்தரவு பண்ண வேண்டியதில்லை. நம்மகிட்ட பக்கத்துப் படகு அண்ணன் இருக்கார். ஒண்ணோட ஒண்ணு சோதிச்சா ஒரே நேரத்துல ரெண்டு செட் சரிபார்த்த மாதிரி.

எண்ணை மாத்தறது விளையாட்டு இல்லைன்னும் சொல்லிடறேன், ஏன்னா உங்க கை அரிக்கும். எனக்கும் அரிச்சுது. பல செட்கள்ல எம்.எம்.எஸ்.ஐ.யை ஒரு தடவை அல்லது ரெண்டு தடவைதான் போட விடும், அப்புறம் பூட்டிக்கும். 'சும்மா 123456789 போட்டுப் பார்ப்போம்' என்று ஆரம்பிச்சா செட் சர்வீஸ் சென்டருக்குத்தான் போகணும். மாமா செட்டும் அப்படித்தான் போச்சு. எண்ணை அழிச்சு மாத்தித்தர பன்னிரண்டு நாள் ஆச்சு.

அந்தப் பன்னிரண்டு நாள்ல மிச்ச வேலையைப் பார்த்தேன். எங்க ஊர் குயிலாப்பாளையம், ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேடு. இறக்கத்துல சைக்கிளை விட்டா கடல். வடக்கே இ.சி.ஆர்.-ல போனா மரக்காணம் உப்பளம் வெள்ளையா விரிஞ்சு கிடக்கும். இந்தக் காத்துல எந்த உலோகமும் அப்படியே இருக்காது. கரையிலேயே எங்க வீட்டு கேட் கீல் தூளாகுது, படகு மேல இருக்கிற கனெக்டர் எம்மாத்திரம்? ஆன்டெனா கேபிளோட முனையைக் கழட்டினா உள்ளே செம்பு கறுத்திருந்துச்சு. அந்த நுனியை வெட்டிட்டுப் புது கனெக்டர் போட்டு, ரப்பர் டேப் சுத்தினோம். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் கிடைச்சா வெச்சுப் பாருங்க. 2-க்கு மேல காட்டினா அனுப்புற பவர்ல பத்துல ஒரு பங்குக்கு மேல திரும்பி வருதுன்னு அர்த்தம்.

பேட்டரியும் ஒரு ஏமாத்துக்காரன். செட் ஆன் ஆகுது, சத்தம் கேட்குது, எல்லாம் சரியா இருக்கிற மாதிரி இருக்கும். 25 வாட்ல அனுப்பும்போது அஞ்சாறு ஆம்பியர் இழுக்கும். அப்போ பலவீனமான பேட்டரியோட வோல்டேஜ் சரிஞ்சு செட் ஆஃப் ஆகி ஆன் ஆகும். அதனால வோல்ட் மீட்டரை சும்மா இருக்கும்போது வெச்சுப் பிரயோஜனம் இல்லை. வேற வேலை சேனல்ல முழுப் பவர்ல மைக்கை அழுத்தும்போது படிங்க. சேனல் 16-ல் 'ஹலோ ஹலோ டெஸ்டிங்' போடறது மட்டும் வேணாம்.

கல்லூரி லேப் மூளை ஒண்ணு சொல்லும்: ஆன்டெனாவைக் கழட்டிட்டு டம்மி லோட் போட்டு நிஜ பட்டனையே அழுத்திட்டா என்ன? வேணாம். 25 வாட்ல கொஞ்சம் கசிஞ்சாலே பக்கத்துல நிக்கிற படகு செட்டுக்குப் போதும், அது அலாரம் அடிக்கும். துறைமுகத்துல பக்கத்துல நிக்கிறது ஒரு படகு இல்லை.

சரி, தெரியாம அழுத்திட்டா? பெயின்ட் அடிக்கும்போது துணி பட்டு, சின்னப் பையன் விளையாடி, இப்படி நடக்கும். பயத்துல செட்டை ஆஃப் பண்ணிட்டு நழுவறதுதான் ரொம்பத் தப்பு. திரும்பத் திரும்ப அழைப்பு போகாம இருக்க ரத்து பண்ணணும், தேவைன்னா ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும். உடனே சேனல் 16-ல் முழுப் பவர்ல, 'ஆல் ஸ்டேஷன்ஸ்' என்று மூணு தடவை சொல்லி, படகு பேர், எம்.எம்.எஸ்.ஐ., இருக்கிற இடம், எத்தனை மணிக்குப் போன அழைப்பு, அதை ரத்து பண்றேன் என்று சொல்லணும். கடலோரக் காவல்படையோட 1554-க்கு போன்லயும் சொல்லலாம். 1995-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஏ.814 என்ற தீர்மானத்துல இதைத்தான் எழுதி வெச்சிருக்கு. தவறுதலா நடந்ததை உடனே ஒத்துக்கிறவங்களைத் தண்டிக்கிறது நோக்கம் இல்லை என்ற தொனிதான் அதுல இருக்கு. ஒளிஞ்சுக்கிறவங்களைத்தான் தேட வேண்டியிருக்கு, நிஜமாவே.

பெரிய கப்பல்ல இதெல்லாம் வாடிக்கை. 1999 பிப்ரவரி 1 முதல் முழுசா நடைமுறைக்கு வந்த ஜி.எம்.டி.எஸ்.எஸ். ஏற்பாட்டின்படி, தினமும் சிக்னல் வெளியே போகாம உள்சோதனை. கரை நிலையம் எட்டும் தூரத்தில் இருந்தா வாரம் ஒரு தடவை டெஸ்ட் கால். 300 டன்னுக்கு மேல, வெளிநாட்டுக்குப் போற சரக்குக் கப்பல்களுக்கும் பயணிகள் கப்பல்களுக்கும் அது கட்டாயம். மாமா படகுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. அவர் ரேடியோ ஆபீசர் பரீட்சை எழுதலை.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை வேற ஒரு கருவில இருக்கு. 406 மெகாஹெர்ட்ஸ்ல செயற்கைக்கோளுக்கு நேரா அனுப்பற ஈபிர்ப் என்ற மிதவை. அதுல 'செல்ஃப் டெஸ்ட்' அழுத்தினா நிஜமாவே ஒரு செய்தி போகும். ஆனா செய்தியோட ஆரம்பத்துல வர்ற ஒத்திசைவு பிட்கள்ல ஒரு பகுதியைத் தலைகீழா மாத்தி அனுப்பும். செயற்கைக்கோள் அமைப்பு அதைப் பார்த்ததும் 'சோதனை' என்று ஒதுக்கிடும். வடிவமைக்கும்போதே, இதை ஒருத்தன் சோதிச்சுப் பார்ப்பான்னு யோசிச்சிருக்காங்க. நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட்ல எத்தனை பேர் அப்படி யோசிச்சோம்? நான் யோசிக்கலை.

ஒரு எச்சரிக்கை. இந்த எல்லா சோதனையும் பாஸ் ஆனாலும் வி.எச்.எஃப். வி.எச்.எஃப்.தான். பூமி உருண்டை. தூரம் கிலோமீட்டர்ல 4.12 பெருக்கல் ரெண்டு ஆன்டெனா உயரங்களோட வர்க்கமூலக் கூட்டல். வீல் ஹவுஸ் மேல 6 மீட்டர்ல ஆன்டெனா இருக்கிற ரெண்டு படகுக்கு நடுவுல 20 கிலோமீட்டர். கரையில 60 மீட்டர் கோபுரம் இருந்தா 42 கிலோமீட்டர். அதுக்கு அப்பால பட்டன் நல்லா வேலை செய்யும், கேட்கத்தான் யாரும் இருக்க மாட்டாங்க. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்தப்போ கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மீனவர்கள் பலர் நாள்கணக்கில் ஆழ்கடல்ல தங்கி மீன் பிடிச்சிட்டிருந்தாங்க. எச்சரிக்கையும் அங்கே எட்டலை, அவங்க குரலும் கரைக்கு எட்டலை. இருநூறு பேருக்கு மேல திரும்பி வரலை. அந்த தூரத்துக்கு செயற்கைக்கோள்தான் வேணும். இஸ்ரோவோட டாட் கருவி 2010 முதல் பயன்பாட்டில் இருக்கு. 2024 ஜனவரியில அறிவிச்ச இரண்டாம் தலைமுறைக் கருவில, 'உங்க செய்தி கிடைச்சுது' என்று கரையில இருந்து படகுக்குப் பதில் வரும். பதில் வர்ற சிஸ்டத்துக்கும் வராத சிஸ்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஏ.ஆர்.க்யூ. பாடத்துல ஒரு பக்கம் எழுதினோம். இருட்டுல, தண்ணி ஏறுற படகுல நின்னு அதைப் படிச்சிருக்கணும்.

ஜூன் 14 சாயங்காலம் மறுபடி துறைமுகத்துக்குப் போனேன். ஐஸ் ஏத்திக்கிட்டிருந்தாங்க, டீசல் நிரப்பிக்கிட்டிருந்தாங்க, யாருக்கும் பேச நேரம் இல்லை. செட் முந்தின நாள்தான் திரும்பி வந்திருந்துச்சு. திரையில அட்சரேகை, தீர்க்கரேகை ரெண்டும் ஓடிச்சு. மாமாவே மெனுவுக்குப் போய், பக்கத்துப் படகு எண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார். அந்தப் பக்கம் 'டிங் டிங்'. அண்ணன் ஐஸ் பெட்டியைக் கீழே வெச்சுட்டு வீல் ஹவுஸுக்குள்ள போனார். நான் பிளாஸ்டிக் கவர் காகிதத்தைக் கையில பிடிச்சிருந்தேன்.

"படிக்கட்டுமா தம்பி?" என்றார்.

"படிங்கண்ணே. ஒவ்வொண்ணா."

நாலு. ஒண்ணு. ஒன்பது. நான் காகிதத்துல விரலை நகர்த்திக்கிட்டே வந்தேன். கடைசி மூணுக்கு வரும்போது மாமா என் தோள் மேல எட்டிப் பார்த்தார். மூணும் சேர்ந்துச்சு. "சரி, இறங்கு, நேரமாகுது" என்றார்.